மூன்றெழுத்துப் பயம்

வெல்டரின் முன்பல் என் செருப்பருகே கிடந்தது. இன்ஸ்பெக்டர் முகத்திலோ பரீட்சையில் பாஸான பூரிப்பு.

“கேட்டீங்களாம்மா? இர்ஹாப்புன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!”

அரபு மட்டுமே தெரிந்த வெல்டருக்கும் போலீசுக்கும் நடுவில் மொழிபெயர்க்க வந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த அரபுச் சொல்லே அது ஒன்றுதான்: பயங்கரவாதம். சந்தையில் குண்டு வைத்தவர்கள் முதலில் வெல்டரின் பட்டறைக்குத்தான் போனார்கள். கழுத்தில் கத்தியை வைத்து இரும்புக் குழாய்களை அறுத்து வாங்கினார்கள். ஏன் அறுத்துக் கொடுத்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னது ‘அர்ஹபூனி’.

“‘என்னை மிரட்டினாங்க’ன்னு சொல்றார், சார். ர, ஹ, ப. மூணெழுத்து வேர் ஒண்ணுதான், அர்த்தம் வேற. பயந்தவனும் பயங்கரவாதியும் ஒண்ணாகிட முடியுமா?”

“எனக்கே பாடமா? அவன் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லுங்க.”

மேசை மைக்கில் பேசுவது நேராக நீதிமன்றத்தில் பதிவாகும். அந்தச் சொல்லை நான் பயங்கரவாதம் என்று மொழிபெயர்த்தால், என் தம்பி வயதுள்ள அந்தப் பையன் உயிரோடு வீடு திரும்ப மாட்டான். இன்ஸ்பெக்டர் அடிக்கும்போது மைக்கை அணைப்பார், அவன் பதில் சொல்லும்போது போடுவார். சொல் கிடைத்த குஷியில் இந்த முறை அணைக்க மறந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தடி இறங்கியது. முழங்கை ஒடிந்த சத்தம் கேட்டது.

“யும்மா!” என்று அலறினான்.

அறையில் கேட்பதையெல்லாம் பெயர்ப்பதாகத்தானே சத்தியம் செய்திருக்கிறேன்? மைக்குப் பக்கம் குனிந்தேன். “அம்மான்னு கத்துறார். இன்ஸ்பெக்டர் தடியால அடிச்சதுல முழங்கை ஒடிஞ்சிருக்கு.”

தன் சொல்தான் வினையானது என்று வெல்டருக்குப் புரிந்துவிட்டது. ரத்தத்தைத் துப்பித் துப்பி வேறு சொல் தேடினான். “கிஃப்து...”

“பயந்துட்டேன்னு சொல்றார்.”

விலாவில் ஓர் உதை.

“ஃபஸிஅத்து...”

“பதறிட்டேன்னு சொல்றார். இப்ப விலாவுல பூட்ஸ் காலால உதைச்சாங்க.”

பயத்துக்கு அரபியில் எத்தனை வேர் உண்டோ அத்தனையும் அவன் வாயிலிருந்து வந்துவிடும் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

“யாருகிட்டம்மா பேசிட்டிருக்கீங்க?”

கேட்டவர் கண் மைக்கில் விழுந்தது. முகம் வெளிறிப் போயிற்று. அந்த முகத்துக்கு எந்த வேரிலிருந்து சொல் எடுப்பது என்று ஒரு கணம் யோசித்தேன்.

தடியை ஓங்கி மைக்கை நொறுக்கினார். அதற்குள் போக வேண்டியது போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த அடி என் மணிக்கட்டில் விழுந்தது.

“அம்மா!” என்று கத்தினேன்.

தரையில் கிடந்த வெல்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்த ஒரு சொல்லை அவனுக்கு யாரும் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.