நான்காவது பெட்டியின் இரண்டாவது சன்னல்

ஏழு பதினெட்டு வண்டியின் நான்காவது பெட்டியில், இடப்பக்கத்து இரண்டாவது சன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வெளியே எதுவும் தெரியாது. அவருடைய வீடு தெரியும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறதோ அது, வண்டி கிளம்பியதிலிருந்து கடைசி நிலையம் வரைக்கும் ஐம்பத்திரண்டு நிமிடம், சத்தமில்லாமல் அந்தக் கண்ணாடியில் நடந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவர்களுக்குச் சரக்குக் கிடங்குகளும் தந்திக் கம்பங்களும்தான் தெரியும். மாலையில் திரும்புகிற வண்டியில் அதே சன்னல், எல்லாச் சன்னலையும் போல அழுக்காக, சும்மா இருக்கும்.

சன்னல் இப்படி ஆகும்வரை அந்த வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள், ஏன் உட்காருவார்கள் என்பதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. வெயில் சுள்ளென்று அடிக்கிற பக்கம் கடைசியில்தான் நிறையும். தலைசுற்றல் உள்ளவர்கள் வண்டி போகிற திசையைப் பார்த்து உட்காருவார்கள். நாளெல்லாம் கத்த வேண்டிய ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, எட்டு மணிக்கு முன்னால் யாரும் தன்னிடம் பேசக்கூடாது என்பதற்காகவே கழிப்பறையை ஒட்டிய ஒற்றை இருக்கையில், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது உட்காருவார். கல்லூரிப் பையன்கள் பெட்டியே காலியாகக் கிடந்தாலும் வாசலில்தான் தொங்குவார்கள். இரண்டாவது சன்னலோரம் பதினோரு வருஷமாக ஒரு வங்கிக் காவலாளிக்கு உரியதாக இருந்தது. தலையைச் சாய்த்துத் தூங்குவதற்கு அங்கே கம்பி தோதாக இருந்தது, வேறு காரணமில்லை. ஒரு புதன்கிழமை அவர் பாதித் தூக்கத்தில் கண்விழித்தபோது, சன்னலில் அவருடைய மனைவி நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். கனவு என்று நினைத்தார். வியாழனும் ஆடினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் ஆடி அவர் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை அவர் வேறு பெட்டிக்கு மாறிப் போனார்.

சேதி பரவி ஒரு மாதம் அந்த இருக்கைக்கு அடிதடி நடந்தது. முறை வைத்து உட்கார்ந்தார்கள், ஆளுக்கு இரண்டு நிலையம் என்று பங்கு பிரித்தார்கள். மூன்றாவது மாதம் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. ஒருவர் தன் தாயார் மாத்திரைகளைப் பூந்தொட்டிக்குள் புதைப்பதைப் பார்த்தார். ஒருவர் பூட்டிய வீட்டுக்குள் நிதானமாகப் பீரோவைக் குடைந்துகொண்டிருந்த திருடனை நான்கு நிலையம் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார். பெரும்பாலானவர்கள் பார்த்தது ஒன்றுமேயில்லை. தாங்கள் இல்லாத வீடு தாங்கள் இல்லாமல் நன்றாகவே இருந்தது, அவ்வளவுதான். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. ரயில்வேயிலிருந்து இரண்டு தடவை கண்ணாடியை மாற்றினார்கள். கடைசியாக வந்த ஆய்வாளர் தானே உட்கார்ந்து பார்த்தார். இறங்கியதும் பழுது ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு மனுவும் எழுதினார்.

காஜாக்காரி அந்த இருக்கைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை தைக்கிறவள். காஜா மெஷினில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு துளை. எட்டு இருபத்தைந்துக்கு வாசற்கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால், வருஷக்கணக்காக ஏழாவது பெட்டியில், இறங்குகிற நிலையத்தின் படிக்கட்டுக்கு நேராக நிற்கிற கதவை ஒட்டி உட்கார்ந்து வந்தாள். அதில் நான்கு நிமிடம் மிச்சம். அவளுடைய வீட்டுக்காரர் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவர், கை சுறுசுறுப்பானவர், வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. ஒரு மத்தியானம் ஏணியில் நின்றபடியே இடது கை இடது கால் இரண்டும் விழுந்துவிட்டன. வாயிலும் பாதிதான் மிஞ்சியது. பிள்ளைகள் கிடையாது. கீழ்வீட்டு அக்கா ஒன்பது மணிக்கு மாடியேறி வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். காஜாக்காரி கிளம்புகிற ஏழு மணிக்கும் அந்த ஒன்பது மணிக்கும் நடுவில் அவர் தனியாகக் கிடக்க வேண்டும். வேலையை விட்டால் சோறில்லை, விடாவிட்டால் ஆளில்லை என்று ஆனபோது அவள் நான்கு நிமிடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நான்காவது பெட்டிக்கு வந்தாள்.

முதல் நாள் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் அவர்கள் வீட்டை அலமாரிக்கு மேலிருந்து காட்டியது. கட்டில், மேசை, சமையலறை வாசல், எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில். ஓர் ஈ அவர் மூக்கில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. வலது கையால் விரட்டினார். அது நெற்றிக்குப் போனது. காஜாக்காரி தன்னையறியாமல் கண்ணாடியைத் தட்டினாள். எதிரில் உட்கார்ந்திருந்த கட்டட வரைபடக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அவரும் ஒரு காலத்தில் அந்தச் சன்னலைத் தட்டியவர்தான்.

இரண்டாவது வாரம் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றவர் விழுந்தார். காஜாக்காரி எழுந்து நின்றுவிட்டாள். உடனே சன்னலில் கிடங்குகள் ஓட ஆரம்பித்தன. பதறி உட்கார்ந்தாள். அவர் தரையில் கிடந்து கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு முழங்கையை ஊன்றி, தவழ்ந்து, கட்டில் காலைப் பிடித்து ஏறி, போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கீழ்வீட்டு அக்கா வருவதற்கு வெகு முன்னாலேயே தூங்குகிறவர் மாதிரி ஆகிவிட்டார். சாயங்காலம் அவள் வந்து, "இன்னைக்குப் பொழுது எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். "எப்படிப் போகும்? சும்மாதான் கெடந்தேன்," என்றார் பாதி வாயால். முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. அவள் அதைப் பார்க்காதவள் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடந்து காட்டி அவளை அசத்த வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. தெரியும் என்று சொன்னால் அந்த ஆசை கெட்டுவிடும். அதனால் வாயைத் திறக்காமல் தன்னால் ஆனதைச் செய்தாள். அவர் அடிக்கடி விழுகிற இடத்தில், குளிர் தரையாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பழைய மெத்தையை விரித்தாள். சறுக்குகிற இடத்தில் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் காலை வண்டியிலிருந்து பார்த்தால், அவர் அந்த நாற்காலியைச் சந்தேகமாகப் பார்ப்பார், தலையைச் சொறிவார், பிறகு அதையே பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைப்பார். தினமும் ஐம்பத்திரண்டு நிமிடம் இப்படி அவள் பார்த்துக்கொண்டே, அவரிடமிருந்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போய்க்கொண்டிருந்தாள். காஜா மெஷினில் உட்கார்ந்த பிறகும் அரைமணி நேரம் துளைகள் கோணலாக விழும். மேற்பார்வைக்காரர் இரண்டு தடவை எச்சரித்தார்.

ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, வண்டி ஐந்தாவது நிலையத்தைத் தாண்டியதும், அவர் சுவரை விட்டார். நாற்காலியை விட்டார். வலது கையை அகல விரித்துக்கொண்டு, இடது காலைத் தரையில் இழுத்து இழுத்து, அறையின் நடுவில் எட்டு அடி நடந்து சமையலறை வாசல் வரைக்கும் போய் நின்றார். நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாயின் இரண்டு பக்கமும் இருந்தது. காஜாக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அழுதுகொண்டே கைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் அடித்திருக்க மாட்டாள்.

சன்னலில் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஃபோன் கட்டில் பக்கத்து மேசையில் இருந்தது. வலது கால் திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. மெத்தையும் இல்லாத, நாற்காலியும் இல்லாத, அதுவரை அவர் போயே இராத அந்த வாசற்படியில் பக்கவாட்டில் விழுந்தார். இந்தத் தடவை யோசிக்கவில்லை, முழங்கையை ஊன்றவில்லை. வாய் திறந்திருந்தது. கத்துகிறார் என்று தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை.

ஐந்தாவது நிலையத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவில் பதினெட்டு நிமிடம் வண்டி எங்கும் நிற்காது. கீழ்வீட்டு அக்காவுக்கு அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது. சங்கிலியை இழுத்தாள். வண்டி சதுப்பு நிலத்துக்கு நடுவே, இருபுறமும் தண்ணீர் நிற்கிற மேட்டில், பெருமூச்சு விட்டு நின்றது. டிக்கெட் பரிசோதகர் ஓடி வந்தார்.

"என்னம்மா, யார் இழுத்தது?"

"நான்தாங்க. எங்க வீட்டுக்காரர் விழுந்துட்டாரு."

"எங்க? எந்தக் கதவுலேருந்து?"

"வீட்டுல."

பரிசோதகர் அவளையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார். "இங்க இறங்கி என்னம்மா பண்ணுவீங்க? முழங்கால் அளவு சேறு. நிக்க நிக்க உங்களுக்குத்தான் நேரமாகும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வண்டியை விடும்படி கையைக் காட்டினார். அதில் ஆறு நிமிடம் போயிற்று. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறாவது நிலையம் வந்தது. இறங்கினால் எதிர்த்திசை வண்டியைப் பிடித்து ஒன்பது மணிக்கு வீடு போய்ச் சேரலாம். ஆனால் இருக்கையைவிட்டு எழுந்த நிமிடமே அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். உட்கார்ந்திருந்தால் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டேயிருக்கலாம், தூரமாகப் போய்க்கொண்டே. காஜாக்காரி சன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் இருந்தாள்.

"நீங்க இறங்குங்கம்மா, நான் இங்க உக்காந்து அவரைப் பார்த்துக்கறேன்," என்று வரைபடக்காரர் எழுந்துவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான், அங்கே உட்கார்ந்தால் தன் வீடுதான் தனக்குத் தெரியும் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கி அப்படியே நின்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு எழுந்தாள். இறங்கி, படியேறி, பாலம் தாண்டி, எதிர் வண்டியில் ஏறினாள். அந்த வண்டியில் எல்லாச் சன்னலிலும் வெளியே இருப்பதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து பார்த்தாள். அதற்குமேல் அந்த அரைமணி நேரத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கீழ்வீட்டு அக்கா குளித்துவிட்டு வந்து தவறிய அழைப்பைப் பார்த்து மேலே ஓடியிருந்தார். அவள் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் நடமாட்டத்தைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றார். நான்காம் நாள் மத்தியானம், பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, வயரிங்காரர் கேட்டார்.

"அன்னைக்கு யாரு ஃபோன் பண்ணது?"

"நான்தான்."

"அந்த நேரத்துல உனக்கு என்ன அவசரம்?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "நீங்க எட்டு அடி நடந்தீங்க. அதான்."

அவள் சன்னலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தனை நாளா பார்க்குற?"

"ஏழு மாசமா."

"விழுந்ததெல்லாமா?"

"எல்லாம்தான்."

"அப்ப அந்த நாற்காலி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்க வேண்டிய நல்ல கையில் சொட்டு மருந்து ஊசி குத்தியிருந்தது. அவள் துடைத்தாள். "திட்டணும்னா திட்டிடுங்க," என்றாள். "நான் அடிச்சிருக்கலைன்னா நீங்க இப்ப நடந்துட்டு இருப்பீங்க."

"நீ பார்க்கலைன்னா நான் எட்டு அடி நடந்தது யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். அது ஆறுதலா, குறையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது.

வீட்டுக்கு வந்தபின் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தப் பக்கத்துலேருந்து தெரியும்?" அவள் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். கட்டிலை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னார். மறுநாள் காலை வண்டி கிளம்பியதும் அவர் அலமாரியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பழையபடி, வேலைக்குப் போய் வந்து கதைகதையாகச் சொல்வாரே, அப்படி. கையை ஆட்டினார், ஒரு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் கோபப்பட்டு விரலை நீட்டினார், நடுநடுவே நிறுத்தி, அவள் பதில் சொல்லும் நேரத்தை விட்டுத் தொடர்ந்தார். ஐம்பத்திரண்டு நிமிடமும் பேசினார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்று அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பாதி உதடுதான் அசைந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "காலையில அவ்வளவு நேரம் என்னங்க சொன்னீங்க?"

"எல்லாத்தையும்தான்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. இப்பச் சொல்லுங்க."

அவர் முயன்று பார்த்தார். வாய் குழறியது, நேரில் அவள் முகத்தைப் பார்த்ததும் வார்த்தைகள் எங்கோ போய் ஒளிந்துகொண்டன. வேர்த்துவிட்டது. "அதான் அப்பவே உன்கிட்ட சொல்லியாச்சே," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னும் ஒரு வாரம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இப்படி ஒன்பது வருஷம் ஆகிறது. வண்டிகளுக்குப் புது வண்ணம் அடித்தாயிற்று, பரிசோதகர் ஓய்வு பெற்றாயிற்று, வரைபடக்காரர் வேறு ஊர் போயாயிற்று. அந்த இருக்கை காஜாக்காரியுடையது என்பது புதிதாக வருகிறவர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. கண்ணாடியைப் பார்த்து அவள் தலையாட்டுவாள், "அப்புறம்?" என்பாள், சில இடங்களில் சிரிக்கவும் செய்வாள், அவர் சிரிக்கிற இடத்தில்தான் அவளும் சிரிப்பாள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டுக்கொள்கிறார்கள். ஏழு பதினெட்டு ஆனதும் விசில் ஊதுகிறது, வண்டி அசைகிறது, அவர் பேச ஆரம்பிக்கிறார்.