டெல்பர்ட் அடைத்த தோட்டா

எங்கள் பக்கத்தில் ஒருத்தன் வீட்டில் அடைத்த தோட்டாவை இன்னொருத்தன் சுட மாட்டான். டிராக்டரை இரவல் கொடுப்பார்கள், குதிரையைக் கொடுப்பார்கள், பெண்டாட்டியைக்கூட விருந்தில் இன்னொருத்தனோடு ஒரு பாட்டுக்கு ஆட அனுப்புவார்கள். தோட்டாவை மட்டும் யாரும் நீட்டவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வெடிமருந்து அளக்கும்போது அவன் புத்தி எங்கே மேய்ந்துகொண்டிருந்ததோ, யார் கண்டது? கடைத் தோட்டா என்றால் சரி. வீட்டுத் தோட்டா என்றால் அவனவன் கைக்கு அவனவன் பொறுப்பு.

இதற்கு ஒரே விதிவிலக்கு பெண்டாட்டி. கல்யாணமான நாளிலிருந்து நான் டெல்பர்ட் அடைத்ததைத்தான் சுட்டு வந்திருக்கிறேன். என் கைப்பையில் உதட்டுச் சாயத்துக்கும் இருமல் மிட்டாய்க்கும் பின்னால் தனியாக ஒரு அறை தைத்திருக்கும். அதில் என் குட்டி ரிவால்வர் இருக்கும், அதன் வயிற்றில் அவனுடைய ஐந்து தோட்டாக்கள். மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து பந்தயத்தில் சுடுவதை விட்டுவிட்டேன். ஆனால் பையில் வைப்பதை விடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஷெரீஃப் அலுவலகம் அவ்வளவு தூரம். அவர்கள் வந்து சேர்வதற்குள் திருடன் சமைத்துச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

டெல்பர்ட்டுக்குக் கார் கொட்டகைதான் கோயில். அங்கே அவன் மேசையில் எந்நேரமும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். இரண்டாவது டப்பா வெளியே இருந்தால் மாறிப்போகும் என்பான். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, அச்சில் விட்டு நெருக்கி, அடியில் தீப்பொறி தருகிற புதுப் பொட்டு வைத்து, பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்துவான். ஒவ்வொன்றிலும் மருந்து கொட்டி, தலையில் ஈயக் குண்டை அழுத்தி மூடுவான். அந்த நேரத்தில் ரேடியோ கூடாது, பேச்சு கூடாது. நான் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான். சரிதான், பெரிய பாதிரியார் என்று திரும்பி வந்துவிடுவேன்.

போன நவம்பரில், நன்றியறிதல் விருந்துக்கு, கிரேவியில் இரண்டு தடவை உப்புப் போட்டான். என் தங்கை வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் ஜாடியைத் தேடினார். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். அப்புறம் தீவனக் கடை வாசலில் வண்டியை அணைக்காமலே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் என்னை ஒரு நாள் "மார்வா" என்றான். மார்வா அவன் செத்துப்போன அக்கா. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"வயசானா உப்பு கூடத்தான் செய்யும், வெர்னா. உன் சமையல்ல கல்யாணம் ஆன புதுசுலயே கூடுச்சு."

இப்படி வாயடிக்கிறவனை என்ன செய்வது! எனக்கு ஒரே பயம்தான். இந்த மனுஷன் தான் அடைத்த தோட்டாவாலேயே தன் விரல்களை, இல்லை கண்ணை, பறிகொடுத்துவிடுவான். அதற்குள் அவன் மேசையை மூட வேண்டும். நான் பிடுங்கி மூடினால் மறுநாளே ஆள் படுத்துவிடுவான். அவனாகவே மூட வேண்டும். அவனோ அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே கொட்டகைக்குப் போய்விடுவான்.

மே மாதப் பந்தயம் வழக்கம்போல் பழைய ஜல்லிக் குழியில் நடந்தது. இடுப்பில் தினமும் எதைக் கட்டித் திரிகிறோமோ அதையே எடுத்துச் சுட வேண்டும், அதுதான் எங்கள் சங்கத்து விதி. எதிரே ஆறு இரும்புத் தட்டு. பந்தயத்தை நடத்துகிறவன் கிளைட் ஹாஸ்கின்ஸ். சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் கத்தினால் அடுத்த ஊரில் லாரி நிற்கும்.

டெல்பர்ட் தன் முறைக்குக் காத்திருக்கும்போதே குனிந்து குனிந்து மற்றவர்கள் போட்ட கூடுகளையும் பொறுக்கித் தொப்பியில் சேர்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான். தேன் விற்கிற லாவெல் ப்ரிங்கர்ஹாஃபும் எப்போதும்போல ஆரம்பித்தான்.

"யோவ் டெல்பர்ட், நீ சுட வர்றியா, கோழி மாதிரி பொறுக்க வர்றியா?"

"நீ குறி தவறவிட்டுப் பித்தளையை வீணாக்குறே. யாராவது அதுக்கு மரியாதை குடுக்க வேணாமா?"

சிரித்தார்கள். டெல்பர்ட் சுடுகிற கோட்டுக்குப் போனான். முதல் இரண்டு தட்டும் டணார் டணார் என்று விழுந்தன. மூன்றாவதற்கு ஒரு சத்தம் வந்ததே, அதைச் சத்தம் என்றே சொல்ல முடியாது. சோடா பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி 'புஸ்' என்றது.

துப்பாக்கி வைத்திருக்கிற எவனுக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். கூட்டில் மருந்து இல்லை. அடியில் இருக்கிற பொட்டு மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளிவிட்டது. குழல் அடைபட்டிருக்கிறது. அடுத்து விசையை அழுத்தினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் விரலை எடு என்று இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவனே டெல்பர்ட்தான்.

அவன் விரலை எடுக்கவில்லை. அடுத்த தட்டைக் குறி பார்த்தான்.

"நிறுத்து!" என்று கிளைட் கத்தினான். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. டெல்பர்ட் திரும்பவில்லை. கிளைட் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தரைப் பக்கம் அழுத்தினான். எழுபது வயதுக்காரனிடம் அப்படி ஒரு பாய்ச்சலை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பித்தளைக் கம்பியைக் குழலில் விட்டுப் பார்த்தார்கள். பாதியில் முட்டி நின்றது. தட்டித் தட்டிக் குண்டை வெளியே தள்ளினார்கள். லாவெல் தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"எல்லாருக்கும் நடக்கிறதுதான், டெல்பர்ட்," என்றான் கிளைட். எல்லாருக்கும் நடப்பதில்லை. அதுவும் அந்தச் சத்தத்துக்கு அப்புறம் குறி பார்ப்பது யாருக்கும் நடப்பதில்லை.

வீடு திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அந்தப் பலகையில ஒரு கூட்டுக்கு மருந்து விழல," என்றேன்.

"தெரியுது."

"அப்போ கை தப்பி பக்கத்துக் கூட்டுல ரெண்டு தடவை விழுந்திருக்கலாம்."

"சும்மா இரு, வெர்னா."

"சும்மா எப்படி இருப்பேன்? ரெட்டை மருந்து போட்டாலும் அந்தக் கூடு நிரம்பி வழியாது, வெளிய பார்த்தா தெரியாதுன்னு நீதானே சொல்லுவே? அது எந்தப் பெட்டியில எந்தத் தோட்டான்னு உனக்குத் தெரியுமா?"

"என் கை எனக்குத் தெரியும்."

"உன் கைக்கு உன்னைத் தெரியலையே!"

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் சிறுத்துப்போய்விட்டது. வீட்டு வாசலில் இறங்கி நேரே கொட்டகைக்குப் போனான், பந்தயத்துக்கு எடுத்துப்போன அதே பெட்டியைத் திறந்து ரிவால்வரில் திரும்பத் தோட்டா போட்டான். எனக்குத் தெரிய வேண்டும் என்றே செய்கிற மாதிரி இருந்தது. பிறகு பெல்ட்டை உறையோடு கழற்றிச் சமையலறை நாற்காலியில் மாட்டிவிட்டு, ரப்பர் பூட்ஸை இழுத்துக்கொண்டு அல்ஃபால்ஃபா தீவன வயலுக்குப் பாசனக் குழாய் மாற்றப் போய்விட்டான்.

கழுதைப் பிடிவாதம். சரி, உன் கையை நீ பார்த்துக்கொள், என் கை எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு என் கைப்பையைத் திறந்தேன். என் ரிவால்வரில் இருப்பதையும் அவன்தானே அடைத்திருக்கிறான்! உருளையை ஒதுக்கி ஐந்தையும் மேசைமேல் கொட்டினேன். அவை குப்புற விழுந்து உருண்டன.

ஒவ்வொன்றின் அடியிலும் பொட்டைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்பு வளையம் இருந்தது.

அது தொழிற்சாலையில் ஈரம் இறங்காமலிருக்கப் பூசுகிற அரக்கு. டெல்பர்ட் அதைப் பூசமாட்டான். அது சோம்பேறிகளின் அலங்காரம் என்று கேலி பண்ணுவான். அப்படியானால் இவை கடைத் தோட்டாக்கள். என் பையில், எனக்குத் தெரியாமல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்ததும் இரண்டு துப்பாக்கியையும் துடைத்து வைப்பது அவன் வேலை. அந்தப் பையில் வேறு யாரும் கை வைப்பதில்லை.

நாற்காலியில் தொங்கின அவன் ரிவால்வரையும் எடுத்துத் திறந்து பார்த்தேன். ஆறில் ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை. எல்லாம் அவன் அடைத்தவை. அதே பெட்டி.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்குதான் ஒழுகுகிறது. துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் ஈரப் பூட்ஸோடு உள்ளே வந்தபோது மேசைமேல் தோட்டாக்கள் இரண்டு கும்பலாகக் கிடந்தன. பார்த்தான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தான்.

"எப்போ மாத்தினே?"

"கிரேவில உப்பு போட்டேன்ல. அதுக்கு அடுத்த நாளு."

"எல்லாரும் சிரிச்சோமே. நீயும் சிரிச்சியே."

"ரெண்டாவது தடவை போட்டது எனக்கு ஞாபகமே இல்ல, வெர்னா. முதல் தடவை போட்டதும் ஞாபகம் இல்ல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "மருந்தும் அப்படித்தானே அளக்கிறேன்னு தோணுச்சு."

"எனக்கு மாத்தத் தெரிஞ்சவனுக்குத் தனக்கு மாத்தத் தெரியலையா?"

"எனக்கு மாத்தினா கிளைட் பார்ப்பான், லாவெல் பார்ப்பான். கேட்பாங்க."

"வெடிச்சிருந்தா மட்டும் கேட்க மாட்டாங்களா, முட்டாளே? நான் உன் கண்ணை ஜல்லியில தேடிக்கிட்டு இருந்திருப்பேன்!"

நான் எழுந்து கொட்டகைக்குப் போய்த் தோட்டா பிரிக்கிற சுத்தியைக் கொண்டுவந்தேன். சுத்தி மாதிரி இருக்குமே தவிர உள்ளே பொந்து. தோட்டாவைச் செருகிக் கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டு தனியாக, மருந்து தனியாக, கூடு தனியாக வந்துவிடும். முதல் தோட்டாவை நான் அடித்தேன். மணிக்கட்டு விண்ணென்றது. அவன் என் கையிலிருந்து சுத்தியை வாங்கிக்கொண்டான்.

"நீ கொட்டிப் பாரு. நான் அடிக்கிறேன்."

ரிவால்வரிலிருந்த ஆறும் சரியாக இருந்தன. பெட்டியிலிருந்ததை எடுத்தோம். அவன் அடிப்பான், நான் மருந்தைத் தட்டில் கொட்டிக் காட்டுவேன், அவன் தலையாட்டுவான். பெட்டி காலியாகப் போகிற சமயம் ஒன்றைக் கொட்டினேன். கறுப்புத் தூள் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. தட்டில் நின்றது மற்றதைப் போல இரண்டு பங்கு. அவன் தலையாட்டவில்லை. சுத்தியைக் கீழே வைத்தான்.

"இதை நான் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன்," என்றான்.

அப்புறம் எழுந்து, மொத்த மருந்தையும் ஒரு காப்பி டப்பாவில் வாரி, வாசல் புல்லில் தூவிவிட்டு வந்தான். மருந்து வீணானால் எங்கள் ஊரில் புல்லுக்குத்தான். புல் நன்றாக வளரும். அன்று நான் மீன் பொரித்தேன், சாப்பிட்டோம். மேசையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் போகலாம் என்றதற்கு மட்டும் சரி என்றான்.

டாக்டர் சொன்னதை இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது? கிரேவி சொன்னதைத்தான் அவரும் சொன்னார், கொஞ்சம் நீளமாகச் சொன்னார். இந்தக் கோடையோடு இடுப்பில் துப்பாக்கி கட்டுவதையும் விட்டுவிடச் சொன்னார்.

ஜூன் பந்தயத்துக்கு வருவானோ மாட்டானோ என்று இருந்தேன். கடைசியாக ஒரு தடவை என்று வந்தான். அவனை நான் ஒரு வார்த்தை தூண்டவில்லை. வழியில் தோட்டாவும் விற்கிற விளையாட்டுச் சாமான் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தான். ஜல்லிக் குழிக்கு வந்ததும் எல்லோரும் சாமான் வைக்கிற நீள மேசைக்குப் போய், நட்டநடுவில் அந்தக் கடைத் தோட்டாப் பெட்டியை வைத்து, அட்டையைக் கிழித்தான். கிழிபடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

லாவெல் வாயைத் திறந்தான். கிளைட் அவனை ஒரு பார்வை பார்த்தான். லாவெல் மூடிக்கொண்டான்.

"தயாரா, டெல்பர்ட்?" என்றான் கிளைட், எப்போதும் கேட்கிற அதே குரலில். ஆனால் இந்தத் தடவை ஒரு எட்டு கிட்டே வந்து நின்றுகொண்டான்.

ஆறு தட்டில் ஐந்து விழுந்தது. டெல்பர்ட் உருளையை ஒதுக்கி, துப்பாக்கியை மேலே தூக்கித் தட்டினான். எப்போதும் இடது கை தொப்பியோடு கீழே காத்திருக்கும். அன்று காத்திருக்கவில்லை. ஆறு கூடும் ஜல்லியில் விழுந்து உருண்டன, புதுப் பித்தளை, வெயிலில் பளபளத்தன. அவன் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, கீழே பார்க்காமலே நடந்து வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அடுத்துச் சுட வேண்டியவன் லாவெல், அவன்கூடக் கோட்டுக்குப் போகவில்லை.

இந்தக் கூடுகளால் எத்தனை நாள் ராத்திரிச் சாப்பாடு ஆறியிருக்கிறது! துணி துவைக்கிற இயந்திரத்தில் எத்தனை தடவை லொடலொட என்று சுழன்றிருக்கின்றன! வாயாரத் திட்டியிருக்கிறேன். நான் கோட்டுக்குப் போனேன், முட்டி வலிக்க ஜல்லியில் மண்டி போட்டேன். கூடுகள் இன்னும் சூடாக இருந்தன. ஒவ்வொன்றாக, ஆறையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.