இடக்கைக் கத்தரிக்கோல்

என் அக்காள் என்னைவிடக் கொஞ்ச நேரம் முன்னால் பிறந்துவிட்டாள். அந்தப் பெரிய சாதனைக்காக நான் ஆயுசு முழுக்க அவளை 'அக்கா' என்று கூப்பிட வேண்டுமாம். வீட்டில் அவள் பெரிசு, நான் சின்னது. இரட்டைப் பிள்ளைகள் என்றால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை. மூக்கும் முழியும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கே என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வித்தியாசம் இல்லாமலா இருக்கிறது? அவளுக்கு வலது கை, எனக்கு இடது கை. உச்சந்தலைச் சுழிகூட எனக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். அதை யார் பார்த்தார்கள்? அம்மா என் இடது கையில் போட்ட போடு கொஞ்சநஞ்சமல்ல.

"அவளைப் பாத்து சாப்பிடுடி! ஒரே மாதிரி இருந்தாத்தானே அழகு!"

முடி வெட்டும் பயிற்சிக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்றபோது பெரிசு போனாள். வகுப்பில் கற்றதை வீட்டுக்கு வந்து என் தலையில் செய்து பார்ப்பாள். பதிலுக்கு நான் அவள் முடியை வெட்டிப் பழகுவேன். அத்தோடு சரி. அவள் ஓர் அழகு நிலையத்தில் சேர்ந்தாள். நான் மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கப் போனேன்.

ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து பெரிசின் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை முதலாளியம்மா காத்திருக்க மாட்டாள், வேறு ஆள் போட்டுவிடுவாள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ போயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுடைய மேலங்கியை மாட்டி, அவளைப் போலவே வகிடு எடுத்துவிட்டார்கள். சுழிப் பக்கம் முடி முறைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் தொட்டு அமுக்கினாள் அம்மா. வலது மணிக்கட்டில் துணிப்பட்டை. 'சுளுக்கு, அதனால் இடது கையால் வெட்டுகிறேன்' என்று சொல்லச் சொன்னார்கள். என் இடது கைக்கு முதல்முதலாக அனுமதி கிடைத்தது ஒரு பொய்யால்தான்.

சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அது முடியை வெட்டாது, மடிக்கும். என்ன செய்வதென்று இழுப்பறையைக் குடைந்தபோது, முன்பு வேலை பார்த்த யாரோ விட்டுப்போன இடக்கைக் கத்தரிக்கோல் கிடைத்தது. விரலை நுழைத்தேன். அடடா! எனக்கென்றே செய்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

முதலில் வந்தது ஒரு டீச்சர். பின்னந்தலை முடி எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்குமாம். ஒவ்வொரு தடவையும் பெரிசு சூடு வைத்துப் படிய வைத்து அனுப்புவாளாம். நான் விரலால் விலக்கிப் பார்த்தேன். இரட்டைச் சுழி. அது எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறதோ அந்தப் பக்கமே வெட்டினேன். டீச்சர் தலையை உதறினாள். முடி தானாக விழுந்து தானாக அமர்ந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பின்னந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேனே, பாவி!

அதன் பிறகு ஒவ்வொரு தலையிலும் சுழியைத்தான் முதலில் தேடினேன். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. காலையில் எழுந்ததும் வேலைக்குப் போகக் கால் பரபரத்தது. பெட்டி மடிக்கும் வேலைக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டேன்.

பெரிசின் கட்டைப் பிரித்தார்கள். அவள் வேலைக்குத் திரும்பிய சாயங்காலமே கைப்பையை விசிறி எறிந்தாள்.

"இடது கையால வெட்டுன்னு டீச்சர் அடம் பிடிக்குது! வலது கையால வெட்டினா கையைத் தட்டி விடுது! முதலாளியம்மா எல்லார் முன்னாலயும் என்னைக் காய்ச்சி எடுத்துட்டா."

"நான் உண்மையைச் சொல்லிடறேன்க்கா. என் பேர்லயே வேலை கேக்கறேன்."

"சொல்லிட்டா என் கதி?"

அம்மா குறுக்கே வந்தாள். "எதுக்குடி சண்டை? பெரிசு வீட்டைப் பாத்துக்கட்டும். நீ அவளாவே போயிட்டு வா."

"நான் எப்பம்மா நானா போறது?"

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே!"

மறுநாள் போய் முதலாளியம்மாவிடம் போட்டு உடைத்தேன். அவள் கண்ணாடி துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"தெரியும். சுளுக்குன்னு சொல்லிட்டு அந்தக் கையாலயே நாற்காலியைத் தூக்கி வச்சியே, அன்னிக்கே தெரியும்."

"அப்படின்னா என் பேர்லயே..."

"செவுத்துல மாட்டியிருக்கற சான்றிதழ்ல யார் பேரு? யாராவது சோதனைக்கு வந்தா நான் அதைத்தான் காட்டணும். உங்கிட்ட என்ன இருக்கு?"

"கை இருக்கும்மா."

"அது எனக்குப் போதும். பேரு அவளோடதாவே இருக்கட்டும்."

"நானும் பயிற்சிக்குப் போயி சான்றிதழ் வாங்கிட்டு வரேன்."

"தாராளமா போ. நாற்காலி காத்திருக்காது. போறப்ப உன் அக்காளையும் கூட்டிட்டுப் போயிடு."

மேலங்கியை மாட்டிக்கொண்டேன். வேறென்ன செய்வது? கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே நடக்க எனக்குத் தைரியம் இல்லை. அதைத் தொடாமல் இனி ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவள் பேசினாள்.

பெரிசு இப்போது தெருப்பக்கம் வருவதே இல்லை. ஒரே முகத்தை இரண்டு இடத்தில் யாராவது பார்த்துவிட்டால் வம்பு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்தால் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நேற்று டீச்சர் வந்தாள். நான் அவள் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"உனக்கு ஒரு தங்கச்சி இருக்காளாமே, உன்னை மாதிரியே? அவளும் இப்படி வெட்டுவாளா?"

கண்ணாடியில் என் வகிட்டுக்குப் பக்கத்தில் சுழிமுடி மறுபடியும் எழும்பி நின்றது. தண்ணீர்ப் புட்டியை எடுத்துப் பீய்ச்சி அதை அமுக்கினேன்.

"இல்ல டீச்சர். அவளுக்கு ஒண்ணும் வராது. தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றேன்.