சேங்வானின் இரண்டாவது நிழல்

சேங்வானுக்கு இரண்டு நிழல்கள் விழ ஆரம்பித்தது, மேற்குவாசல் போர் முடிந்து படை திரும்பிய ஏழாம் நாள். அன்று சந்தையில் உப்பு விலை ஏறியிருந்தது. ஒரு நிழல் அவளுடையது. மற்றது அரை முழம் உயரம் கூடுதல். மடங்காத இடது காலை இழுத்து இழுத்து நடந்தது. அவள் கணவன் சாய்கம் அப்படித்தான் நடப்பான். அவன் காய்ச்சலில் போய் இரண்டு வருடமாகியிருந்தது.

எங்கள் வியாங்கோன் நகரில் வீட்டுக்கு ஓர் ஆள் படைக்குப் போக வேண்டும். அனுப்பாவிட்டால் வயலைப் பிடுங்கிக்கொள்வார்கள். சாய்கம் செத்த மறுமாதம் அவன் பெயருக்கு ஓலை வந்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. சேங்வான் கூந்தலைக் கத்தரித்து, அவன் ஈட்டியோடு போய் நின்றாள். ஓலையில் இருந்த பெயரைச் சோம்பலில் யாரும் மாற்றவில்லை. முதல் சண்டையில் அழுதாள். மூன்றாவதில் யானைமேல் இருந்தவனைக் கீழே இறக்கினாள்.

படை திரும்பிய ஏழாம் நாள் உயிர் கூப்பிட வேண்டும். மனிதனுக்குள் இருக்கிற முப்பத்திரண்டு உயிர்களில் சில, பயந்துபோய்க் களத்திலேயே தங்கிவிடும். பெயர் சொல்லி அழைத்து, படையாட்களுக்கும் கூடியிருப்பவர்களுக்கும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். தானாக இற்று விழும்வரை அதை அறுக்கக் கூடாது. அறுத்தவனின் உயிர் அலையும். பூசாரி ஓலையைப் பார்த்தே கூப்பிட்டார்: "சாய்கம் உயிரே, வந்துடு!" வழக்கப்படி ஊரே "வந்தாச்சு!" என்றது. நானும் கத்தினேன். சேங்வான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெயர் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அதன்பின் கோழி முட்டையிடாததற்கும் என் பல்வலிக்கும் அவளே காரணமானாள். அவள் வீட்டில் எத்தனை கிண்ணம் கழுவுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் புவாலாய் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேய் புகுந்த குடும்பம் என்று முடிவானால் வீட்டின் நடுத்தூணைப் பிடுங்கி, ஆட்களைக் காட்டுக்கு விரட்டுவார்கள். அப்படிப் போன குழந்தை எதுவும் பிழைத்ததில்லை. ஒரு காலையில் கயிற்றோடு போனோம்.

"உண்மையச் சொல்லுடி, உள்ள யாரோட பேசுற? ஆம்பள இருமுற சத்தம் கேக்குது" என்றாள் புவாலாய்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுதான்க்கா."

"பேச்சென்ன பேச்சு, தூணுல கயித்தப் போடுங்கடா" என்றார் ஊர்த்தலைவர்.

தூண்கள்மேல் நின்ற வீட்டிலிருந்து சேங்வான் ஏணியில் இறங்கி வந்தாள். மகள் அவள் இடுப்புத் துணியைப் பிடித்திருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சேங்வான் பாக்குவெட்டும் கத்தியைத் தலைவர்முன் வைத்தாள்.

"கூப்பிட்டது நீங்க. வந்தாச்சுன்னு கத்துனதும் நீங்க. திருப்பி அனுப்பணும்னா, கத்துன ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நூல அறுத்துப் போடுங்க. நீங்களே ஆரம்பிங்கய்யா."

தலைவர் பூசாரியைப் பார்த்தார். "மொறப்படி அவ சொல்றது சரிதாங்க" என்றார் அவர். புவாலாய் மணிக்கட்டை மேல்துணிக்குள் மறைத்துக்கொண்டாள். கத்தியை யாரும் தொடவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த ஓலையில் அந்த வீட்டுக்கு இரண்டு ஆள் என்று எழுதியிருந்தது. இருபது வருடம் இருவரும் போய் வந்தார்கள். மகள் வளர்ந்து அதே வயலில் நட்டாள். புவாலாய் மட்டும் தரையை ஒருமுறை பார்க்காமல் சேங்வானிடம் பேசியதில்லை.

சேங்வான் இறந்தபோது இரண்டு பேருக்கு விறகு அடுக்கினோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புவாலாய்தான் தடி ஊன்றி வந்து, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டி அடுக்கச் சொன்னாள்.

"அவனுக்கு அந்தக் கால் மடங்காதுல்ல."