முப்பத்தாறு டிகிரி

சுதர்சன் சாரிடம் அந்த ஐந்து மர மாதிரிகளையும் கொண்டுபோய்க் கொடுத்த சனிக்கிழமை காலை, மைதிலிக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. ஐங்கோணத்தின் ஒரு மூலை சரியாகச் சேரவில்லை. மெல்லிய இடைவெளி. அதில் மரத்தூளைப் பசையோடு குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே பாலிஷ் பூசியிருந்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் கணவன் நந்தகுமாரும் பார்த்துவிட்டு, "எதுன்னு நீயே சொன்னாத்தான் தெரியும்" என்றான்.

சுதர்சன் சாருக்குக் கண் தெரியாது. ஆறு வயதிலிருந்தே தெரியாது. செகந்திராபாத்தில் பார்வையற்ற குழந்தைகளுக்கான சிறிய பள்ளியொன்றில் இருபது வருடமாகக் கணக்கு வாத்தியார். முக்கோணம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் ஆகிய ஐந்து வடிவங்களையும் பிள்ளைகள் கையால் தடவிப் படிப்பதற்கு, சாண் அகலத்தில் மரச்சட்டங்கள் வேண்டுமென்று கேட்டிருந்தார். பன்னிரண்டு செட். முதலில் மாதிரிக்கு ஒரு செட்.

ஆசிரியர் அறையில் மேசையருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். முக்கோணத்தைச் சுற்றிக் கட்டைவிரல் ஓடியது. "ம்." சதுரம். "ஹவ், ஆமா, நல்லாருக்கு." அறுகோணமும் எண்கோணமும் அவருக்குப் பிடித்துப்போயின. ஐங்கோணத்தை எடுத்தார். விரல் ஒரு சுற்று வந்தது. நின்றது. பின்னால் போய் மறுபடியும் அதே மூலைக்கு வந்தது.

"இங்க எதையோ போட்டு அடைச்சிருக்கீங்களா மேடம்?"

மைதிலிக்குக் காது சூடாகிவிட்டது. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பதினாலு வருடமாக எத்தனையோ பேரை 'இதை ஏன் மறைச்சீங்க?' என்று கேட்டிருக்கிறாள்.

"ஆமா சார். சேரலை. மரத்தூள் வெச்சு அடைச்சேன். நானே சொல்லிட்டுக் குடுத்திருக்கணும்."

"பரவால்ல. எனக்கு அது பெரிய விஷயமில்ல." அவர் சட்டத்தைக் கீழே வைக்கவில்லை. "ஆனா பசங்களுக்கு வேற மாதிரி ஆயிரும். அதுங்க ஐங்கோணத்தையே முதல் தடவையா இதுலதான் தொடப்போகுதுங்க. ஐங்கோணம்னா நாலு மூலை வழவழன்னு இருக்கும், ஒரு மூலை மட்டும் சொரசொரன்னு இருக்கும்னு மனசுல ஏத்திக்கும். அப்புறம் நான் என்ன சொன்னாலும் இறங்காது."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலத்தான் சொன்னார். ஐங்கோணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீடு சஃபில்குடாவில். கீழே கார் நிறுத்தும் இடத்தில் காருக்குப் பதிலாக டேபிள் சா நின்றது. மேசையின் நடுவே வட்ட ரம்பம் எட்டிப் பார்க்கும் மெஷின். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புத்தக அலமாரி செய்யலாமென்று வாங்கியது, அப்படியே சனி ஞாயிறுகளைத் தின்னத் தொடங்கிவிட்டது. ரம்பத்துக்கு இணையாக மேசையில் ஒரு நீளமான பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் ஓடுகிற இரும்புப் பட்டை, அதன் தலையில் திருப்பி வைக்கக்கூடிய அரைவட்டம், இதுதான் மைட்டர் கேஜ். எந்தக் கோணத்தில் மரம் வெட்டுப்பட வேண்டுமோ அந்தக் கோணத்தில் மரத்தைப் பிடித்துத் தள்ளுவது அதன் வேலை.

மெஷினோடு வந்த கேஜைப் பள்ளத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். கடகடவென்று ஆடியது. இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் இன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஐங்கோணத்துக்கு ஒவ்வொரு துண்டின் முனையும் முப்பத்தாறு டிகிரியில் வெட்டுப்பட வேண்டும். ஐந்து துண்டு, பத்து முனை. ஒவ்வொரு முனையிலும் கால் டிகிரி தப்பினால், கடைசி மூலையில் இரண்டரை டிகிரியாகச் சேர்ந்து வாய் பிளந்து நிற்கும். அதுதான் நின்றது.

"மத்த நாலும் எப்படிச் சரியா வந்துச்சு?" என்று நந்தகுமார் கேட்டான். ஜீடிமெட்லாவில் மருந்து ஆலையொன்றில் அவனுக்கும் தரம் பார்க்கிற வேலைதான். காரணம் கேட்காமல் விடமாட்டான்.

"அறுபது, நாப்பத்தஞ்சு, முப்பது, இருபத்திரண்டரை. இந்த நாலுக்கும் கேஜ்ல சின்னக் குழி இருக்கு. முள் அதுல போய் உக்காந்துக்கும். முப்பத்தாறுக்குக் குழி கிடையாது. கோட்டைப் பார்த்துக் கண்ணால வெக்கணும்."

"அப்ப குழி இருக்கிற கேஜா வாங்கு."

சொல்வது எளிது. அந்த வாரம் முழுக்க அலுவலகம் போகும் மெட்ரோவில் அமீர்பேட் நெரிசலில் நசுங்கிக்கொண்டே ஃபோனில் கேஜ்களைப் பார்த்தாள். எல்லாக் கேஜும் தன்னைத் துல்லியமானது என்றே சொல்லிக்கொண்டது. விமர்சனம் எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள், ஆனால் அவர்களில் ஒருவர்கூட ஐங்கோணம் வெட்டியதாகத் தெரியவில்லை. புதன்கிழமை சுதர்சன் சாருக்கு ஃபோன் செய்து, ராணிகஞ்சில் மெஷின் சாமான் கடைக்கே நேரில் போய்ப் பார்க்கப்போவதாகவும், மாதிரி வர இன்னும் ஒரு வாரமாகும் என்றும் சொன்னாள்.

"நானும் வர்றேன்" என்றார்.

"நீங்க எதுக்கு சார் அந்தக் கூட்டத்துல?"

"எதுக்கா? உங்க மூலையைக் கண்டுபிடிச்சது யாரு?"

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பம்புகளும் மோட்டார்களும் நடைபாதை வரை வழிந்துகிடந்த சந்துக்குள் அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகவே நடந்தார். அவளுடைய தோள்பையில் இருபது தேக்குப் பட்டைகள் இருந்தன, எல்லாம் ஒரே அகலம், ஒரே கனம்.

கடையில் லட்சுமணன் என்பவர் இருந்தார். செகந்திராபாத் சிலகல்குடாவில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது வயதிருக்கும். மைதிலி தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது. ஆனால் சுதர்சன் சாரின் வெள்ளைக் கோலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி அவளிடம் மட்டும் சொன்னார்: "சார் உக்காரட்டும் மேடம், சேர் போடறேன்."

"சேர் நக்கோ பாய், வேணாம்" என்றார் சுதர்சன். "சாமானைக் கையில குடுங்க."

லட்சுமணன் மூன்று கேஜ்களை எடுத்துவைத்தார். ஒன்று மைதிலியிடம் இருப்பதைப் போலவே சாதாரணமானது. அதைத் தூக்கியதுமே இருவரும் கீழே வைத்துவிட்டார்கள். இரண்டாவது வெளிநாட்டுச் சரக்கு, பளபளவென்று இருந்தது.

"கனமா இருக்கே. என்ன கலர்?" என்று கேட்டார் சுதர்சன்.

"தங்கக் கலர் சார்."

"அப்ப அந்தக் கலருக்கு மேடம்கிட்ட காசு வாங்காதீங்க."

லட்சுமணன் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் நேராக சுதர்சனிடமே பேசினார்.

மூன்றாவது கறுப்பு. "பாக்க அழகில்லாதது சார்" என்றார் லட்சுமணன். ஆனால் அதன் அரைவட்டத்தின் விளிம்பில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு பல் வெட்டியிருந்தது. மைதிலி எண்ணி முப்பத்தாறில் முள்ளை விட்டாள். டக்கென்று உட்கார்ந்தது.

அவளுடைய மெஷினைப் போலவே ஒன்று கடையில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். இணைப்பைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பள்ளத்தில் தங்கக் கேஜை வைத்து ஓட்டினாள். சுதர்சன் அதன் தலையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். "இதுதான். வெண்ணெய்ல போற மாதிரி போகுது. ஆட்டமே இல்ல." கறுப்பை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். "இது ஆடுது மேடம். வேண்டாம்."

ஆடியது உண்மைதான். மைதிலி குனிந்து அதன் பட்டையைப் பார்த்தாள். பக்கவாட்டில் மூன்று குட்டி ஸ்க்ரூக்கள் இருந்தன. லட்சுமணனிடம் திருகு சாவி வாங்கி ஒவ்வொன்றையும் நூலளவு திருகினாள். பட்டை கொஞ்சம் பருத்துக்கொண்டது. அதிகமாகத் திருகியதில் பள்ளத்துக்குள்ளேயே இறங்கவில்லை. தளர்த்தினாள். நாலாவது தடவையில் சுதர்சன் தலையாட்டினார். "இப்ப ஆடலை. ஆனாலும் அந்த வெண்ணெய் இதுல இல்லையே."

"அதுல முப்பத்தாறுக்குக் குழி இல்ல சார்."

"ஒரே ஒரு கோணம்தானே. கையால வெச்சுக்கக் கூடாதா?"

"போன தடவை அப்படித்தான் வெச்சேன்."

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. சண்டையில்லை, ஆனால் இருவரும் அவரவர் கேஜின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மைதிலி பையைத் திறந்து பட்டைகளை மேசைமேல் பரப்பினாள். "ரெண்டுலயும் ஒரு ஐங்கோணம் வெட்டிப் பாத்துடலாமா?" என்று லட்சுமணனைக் கேட்டாள்.

"டெமோன்னா ஒரு வெட்டுதான் மேடம். முதலாளி ஒத்துக்கமாட்டார்."

"இருபது வெட்டு வேணும்."

லட்சுமணன் பட்டைகளைப் பார்த்தார், சுதர்சனைப் பார்த்தார். பத்து வருடமாக இதே கேஜ்களை விற்கிறார். எது சரியானது என்று தினமும் யாராவது கேட்கிறார்கள், அவரும் ஏதோ சொல்லி அனுப்புகிறார். "பின்னாடி கொட்டகையில ஒரு மெஷின் ஓடுது" என்றார். "வாங்க. எனக்கும் பாக்கணும்."

முதலில் தங்கக் கேஜ். மைதிலி மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளை முப்பத்தாறில் நிறுத்தினாள். துண்டுகளெல்லாம் ஒரே நீளம் வருவதற்காகக் கேஜில் ஒரு கட்டையைத் தடுப்பாகக் கட்டி, மரத்தை அதில் முட்டவைத்து வெட்டினாள். பத்து வெட்டு. பிறகு கறுப்பு. அதிலும் பத்து. ஐந்தைந்து துண்டுகளாக ஐங்கோணம் சேர்த்து, சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினாள்.

இரண்டும் பிளந்துகொண்டு நின்றன. கறுப்பில் வெட்டியதுதான் அதிகம்.

"பாத்தீங்களா?" என்றார் லட்சுமணன்.

மைதிலிக்கு ஒரு கணம் எல்லாவற்றையும் மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் அலுவலகத்தில் இந்த மாதிரி நேரங்களில் அவள் எழுந்து போவதில்லை. கறுப்பில் வெட்டிய ஐந்து துண்டுகளையும் அடுக்கி, பக்கவாட்டில் விரலை ஓட்டினாள். ஒன்று மட்டும் துளி குட்டை. தடுப்புக்கட்டையைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் மரத்தூள் அப்பியிருந்தது. அந்தத் தூள்மேல் முட்டித்தான் ஐந்தாவது துண்டு வெட்டுப்பட்டிருக்கிறது. கேஜின் குற்றமில்லை, தன் அவசரம்.

ஊதித் துடைத்துவிட்டு, கறுப்பில் இன்னொரு பட்டையை வெட்டினாள். தங்கக் கேஜுக்கு அநியாயம் செய்யக் கூடாதென்று அதற்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள், கட்டையைத் துடைத்துவிட்டு, ஐந்து துண்டும் புதிதாக. மறுபடி ரப்பர் பேண்ட் போட்டாள். லட்சுமணன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். எது எதில் வெட்டியது என்று சொல்லாமல் ஒன்றைச் சுதர்சன் கையில் கொடுத்தாள்.

விரல் ஓடியது. மூன்றாவது மூலையில் தயங்கியது, ஐந்தாவதில் நின்றுவிட்டது. "இங்க. முடி அளவு. போன வாரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனா இருக்கு."

மற்றதைக் கொடுத்தாள். கட்டைவிரல் ஒரு பக்கம் போய்த் திரும்பியது, இன்னொரு பக்கம், இன்னொன்று. அவர் உதடுகள் மெதுவாக எண்ணின. மூணு, நாலு, அஞ்சு. நிற்கவில்லை. ஆறு, ஏழு. பிறகு நெற்றி சுருங்க, "இருங்க, இருங்க" என்றார். "நான் எங்க ஆரம்பிச்சேன்?"

அவர் மறுபடி ஆரம்பித்தார், இம்முறை இடதுகையால் ஒரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

"எது இது?" என்று கேட்டார்.

"கறுப்பு சார்" என்றார் லட்சுமணன், அவளுக்கு முந்திக்கொண்டு.

"அழகில்லாததுன்னு சொன்னீங்களே, அதுவா?"

"அதேதான்."

"எனக்கென்ன, தெரியவா போகுது?" என்று சிரித்தார் சுதர்சன். பிறகு மைதிலியின் பக்கம் முகத்தைத் திருப்பி, "நான் தங்கத்தைத்தான் வாங்க வெச்சிருப்பேன் மேடம். வெண்ணெய்ன்னு சொல்லிச் சொல்லி" என்றார். அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. தான் அந்த மூலையை அடைத்தபோது இந்த மனிதரிடம் இதே மாதிரி சொல்லியிருக்கலாமே என்று மைதிலி நினைத்துக்கொண்டாள்.

கறுப்பையே கட்டித் தரச் சொன்னாள். தங்கத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே லட்சுமணன், "இனிமே யாராவது கேட்டா, 'என்ன வெட்டப்போறீங்க'ன்னு முதல்ல கேக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டு செட்டும் முடிய ஐந்து வாரமானது. நந்தகுமார் பாலிஷ் போட உதவினான், ஒவ்வொரு மூலையையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தான், இரண்டு சட்டங்களை வேண்டாமென்று ஒதுக்கிவைத்தான். அவற்றை அவள் மறுபடி செய்தாள்.

பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்த அன்று சுதர்சன் சார் அவளை வகுப்பிலேயே உட்காரச் சொன்னார். பிள்ளைகள் மேசைக்கு இரண்டு பேராகச் சட்டங்களைப் பிரித்துக்கொண்டார்கள். மரத்தில் விரல் உராயும் சத்தமும், தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் எண்ணும் சத்தமும் அறையை நிறைத்தன. மூன்றாவது வரிசையில் எலிசபெத் என்ற ஒன்பது வயதுப் பெண் ஐந்தையும் வரிசையாக அடுக்கி, இரண்டு முறை தடவிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சார், ஏக் மிஸ்ஸிங் ஹை. மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு. ஏழு எங்க?"

வகுப்பு முழுக்க ஏழு மூலைச் சட்டத்தைத் தேட ஆரம்பித்தது. சுதர்சன் சார் மெல்லத் தலையைத் திருப்பினார். "மேடம், ஏழுக்கு என்ன டிகிரி வரும்?"

மைதிலி மனதுக்குள் நூற்றெண்பதை ஏழால் வகுத்தாள். இருபத்தைந்து, புள்ளி ஏழு, ஒன்று, நாலு, இரண்டு... அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. உலகத்தில் எந்தக் கேஜிலும் அதற்கு ஒரு பல் வெட்டியிருக்கமாட்டார்கள்.

எலிசபெத் இன்னும் கையைத் தூக்கியபடியே இருந்தாள்.

"ரெண்டு மாசம் டைம் குடும்மா" என்றாள் மைதிலி.