நடுவில் ஒரு நாய்

சாலம்மாளும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் மரக்காணம் உப்பளத்தில் ஒரே பாத்தியில் நின்று உப்பு வாரினோம். அவள் கூடையை நான் தூக்கிவிடுவேன், என் கூடையை அவள் தூக்கிவிடுவாள். அப்படி இருந்தவளோடு பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்.

என் மகன் மணிகண்டன் கல்யாணத்துக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்த பேனர் அது. வரவேற்பவர்கள் வரிசையில் சாலம்மாள் போட்டோ கட்டாயம் வரவேண்டும் என்று நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தனுப்பினேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரன், பாழாய்ப்போனவன், எந்த நினைப்பில் இருந்தானோ தெரியவில்லை. அவள் படத்தைக் கொண்டுபோய் உச்சியில், செத்துப்போன என் மாமியார் பாப்பாத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். கீழே ஒரு குத்துவிளக்கு. அதற்குக் கீழே 'தெய்வத்திரு சாலம்மாள்'. பஸ்ஸில் போன அவள் சித்தப்பா மகன் தேவா அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் மாலையோடு அவள் வீட்டுக்கு ஓடியிருக்கிறான். கதவைத் திறந்ததே சாலம்மாள்தான்.

கல்யாண மண்டபத்தில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். அதுதான் தப்பு. அவள் எதிரிலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"நான்தான் செத்துட்டேனே. செத்தவளுக்கு எதுக்குடி கல்யாண சோறு?" என்று இலையை விட்டு எழுந்து போனாள். எனக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் இப்படியா செய்வாள்? அவளாக வந்து பேசுகிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன் என்று அங்கேயே கத்தினேன். அவளும் அதையே கத்தினாள். மறுநாளே வேறு பாத்திக்கு மாறிவிட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன், அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் நாளாக இல்லை. அவள் இடத்துக்கு வந்த கொளஞ்சி நல்ல பெண்தான். ஆனால் எதைச் சொன்னாலும் 'ஆமாங்கக்கா' என்பாள். ஆமாம் போடுகிறவளிடம் எவ்வளவு நேரம் பேசுவது? எனக்கு சாலம்மாள்தான் வேண்டும். அதற்காக நான் முதலில் பேச முடியுமா? முடியாது.

போன வாரம் சகாயராஜ் வீட்டுக்கு வந்தான். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டத்தை அழைத்துப் போகிறவன் அவன்.

"அக்கா, சாலம்மாக்கா மாதாவுக்கு வேண்டிக்கினு இருந்தாங்களாம். நீங்க சண்ட போடறதுக்கு முன்னாடியே. பலிச்சா அவங்களும் நீங்களும் சேந்து நடந்தே வர்றோம்னு. இப்ப பலிச்சிடுச்சாம்."

"என்னா வேண்டுதலாம்?"

"சொல்லமாட்டேங்கறாங்க."

"பலிச்சப்புறம் சொன்னா என்னாவாம்? என்னைக் கேக்காம என் கால வச்சி வேண்டிக்கினு, நல்லா இருக்குதே நியாயம்!"

குதித்தேனே தவிர, அன்றைக்கே போய்க் காவிப் புடவை வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டுச் சாமி வேறு. இருந்தாலும் மாதாவைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அதோடு, பக்கத்தில் நடக்கும்போது அவளாகவே வாய் திறந்துவிடுவாள் என்று ஒரு ஆசை.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பையெல்லாம் குட்டி யானை வண்டியில் போய்விட்டது. இருபது பேர் முன்னால் பாடிக்கொண்டு போனார்கள். நானும் அவளும் கடைசியில், வெறுங்காலோடு, நடுவில் ஒரு ஆள் போகிற இடம் விட்டு நடந்தோம். உப்பளம் தாண்டும்போது ஒரு செவலை நாய் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

"பாத்து நட நாயே, கண்ணாடி கெடக்குது" என்றாள் சாலம்மாள்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடிச் சில்லு என் காலுக்கு முன்னால்தான் கிடந்தது. ஓகோ, ஜாடை பேசுகிறாளா? எனக்கு வராதா ஜாடை?

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் நாயே. ரெண்டு வருஷமா எதிர்ல வர்றவங்களப் பாத்தாலும் பாக்காத மாதிரி போறவங்கதான் பாத்து நடக்கணும்" என்றேன்.

"செத்தவளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லு நாயே."

"செத்தவ காலையில சுகர் மாத்திர போட்டாளான்னு கேளு நாயே."

"ரெண்டு வருஷமா கேக்காதவ இன்னைக்கு ஏன் கேக்கறான்னு கேளு நாயே."

எந்த 'நாயே' நாய்க்கு, எந்த 'நாயே' எனக்கு என்று பிரிக்க முடியவில்லை. ஒன்றிரண்டு நிச்சயமாக எனக்குத்தான். நானும் சும்மா விடவில்லை. நாய் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தது. அவள் மகள் அஸ்வினிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது, அவளுக்கு முட்டிவலி வந்தது, என் மருமகள் டீயில் சர்க்கரையைக் கொட்டுவது என்று இரண்டு வருஷத்துச் சங்கதியெல்லாம் அதன் காதில் விழுந்தது. "பிஸ்கட் வேணுமா நாயே?" என்று அவள் கையை நீட்டியபோது நாயும் நானும் ஒரே நேரத்தில் எட்டினோம்.

அனுமந்தையில் வந்தது வினை. ரோட்டோரம் ஒரு அம்மா மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். நாய் மூக்கைத் தூக்கியது. அவ்வளவுதான், போய்விட்டது.

"நாயே! ஏய் நாயே!" என்று இரண்டு பேரும் கத்தினோம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னாக்கா, பெத்த புள்ளையக் காணோம்ன்ற மாதிரி கத்தறீங்க?" என்று முன்னாலிருந்து கேட்டான் சகாயராஜ்.

அதற்குப் பிறகு யாரிடம் பேசுவது? சாலம்மாள் கிலோமீட்டர் கல்லிடம் முயற்சி செய்தாள். "கல்லே, தாரு கால சுடுதுன்னா ஓரமா மண்ணுல நடக்க வேண்டியதுதான" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் கல் பின்னால் போய்விட்டது. அடுத்த கல்லுக்காக ஒரு கிலோமீட்டர் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அது வந்தபோது என்ன சொல்ல நினைத்தேன் என்பது மறந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் அப்படியே போனது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இன்னும் ஆறு நாள் இப்படியே ஊமையாக நடந்து, கும்பிட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி அவள் ஒரு பாத்தி, நான் ஒரு பாத்தி என்று போய்விடுவோமா? இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று அடித்துக்கொண்டது மனசு. வாய் வரவில்லை.

காலாப்பட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு மோர்ப் பந்தல் வந்தது. மேஜைமேல் இரண்டு தகரப் பெட்டி. ஒன்றில் 'வேண்டுதல்', இன்னொன்றில் 'நன்றி' என்று ஒட்டியிருந்தார்கள். எழுதிப் போட்டால் மாதா காலடிக்குப் போய்ச் சேரும் என்று சொல்லி ஒரு சிஸ்டர் துண்டுச் சீட்டு கொடுத்தார்.

சாலம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினாள். நாலாக மடித்தாள். கும்பிட்டு, வேண்டுதல் பெட்டிக்குள் போட்டாள்.

என் வாய் என்ன, என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது?

"ஏய் சாலா! பலிச்சிடுச்சின்னு சொல்லித்தான என்னை இழுத்தாந்த? பலிச்சதுன்னா நன்றிப் பெட்டியிலதான போடணும்? எதுக்குடி வேண்டுதல்ல போடற?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பேசிவிட்டேன். நேராக, அவள் முகத்தைப் பார்த்து, நானே முதலில்.

சாலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பலிக்கல்லாம் இல்லடி. வேண்டிக்கவே இல்ல. நீ வரணும்னு சும்மா சொன்னேன்."

"அடிப்பாவி! மாதா பேர்லயா பொய் சொன்ன?"

"அதான் பயந்துபோயி இப்ப நெஜமாவே வேண்டிக்கினேன்."

"என்னான்னு?"

"அம்சா எங்கிட்ட ஒரு வார்த்தயாவது பேசணும்னு" என்றாள். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. எனக்கும் தாங்கவில்லை. இரண்டு கிழட்டுப் பொம்பளைகள் மோர் டம்ளரோடு அழுவதை சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நான் சிரிச்சது தப்புதாண்டி" என்றேன்.

"இதச் சொல்ல ரெண்டு வருஷமா?"

மூக்கைச் சிந்திவிட்டு என் உள்ளங்காலைப் பார்த்தேன். இரண்டு கொப்புளம். "சரி, அதான் பேசிட்டேனே. எதிர்ல மரக்காணம் பஸ் வருது. ஏறிடலாம் வா."

சாலம்மாள் என்னைப் பார்த்த பார்வை!

"எங்க போற? பலிச்சா ரெண்டு பேரும் வேளாங்கண்ணி வரைக்கும் நடந்தே வர்றோம்னு சீட்டுல எழுதிட்டேன்."

"இன்னும் நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குதுடி!"

"போட்டு அஞ்சு நிமிஷம் ஆவல, பலிச்சிடுச்சி. இதுக்கு மேல மாதாவ ஏமாத்த என்னால ஆவாது. எழுந்திரு."

எழுந்தேன். வேறு என்ன செய்ய? காலாப்பட்டு வருவதற்குள் யார் முதலில் பேசியது என்று பெரிய சண்டை வந்தது. நீதான் என்றாள் அவள். பொய்யோ மெய்யோ, சகாயராஜை அனுப்பியவள்தான் முதலில் பேசியவள் என்றேன் நான். முன்னால் போனவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். நடுரோட்டில் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டோம். எத்தனை நாளாயிற்று அவளோடு அப்படிச் சண்டை போட்டு!