கடைசிப் புள்ளி

ஒரு கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

எங்கள் பிஷ்கெக் மென்பொருள் அலுவலகத்தில் எழுத்துத் தொடர்களைக் கையாள எல்லோரும் பயன்படுத்தும் ஸ்ட்ரிங் கிளாஸ் என்ற நிரலை எழுதியவர் ஜோல்தோஷ் பைகே. வயதில் மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் பைகே, அதாவது அண்ணன். அந்தக் கிளாஸில் முன்னாலிருந்து தேட வழி உண்டு, பின்னாலிருந்து தேட வழியில்லை. அதனால் நாற்பத்தோரு இடத்தில் பெயரைத் தலைகீழாகத் திருப்பி, தேடி, கழித்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்த்தாலே தலை சுற்றும். பின்னாலிருந்தே தேடும்படி பத்து வரி எழுதிக் கொடுத்தேன். பைகேயிடமிருந்து இருபத்து மூன்று ஆட்சேபங்கள் வந்தன.

"ஒண்ணுமே இல்லாததப் பின்னாலேருந்து தேடுனா என்ன விடை வரும்?" என்றார் ஒருநாள்.

"அத யாரு பைகே தேடப் போறா?"

"தேடுவானுங்க. நம்ம ஆளுங்க எல்லாத்தையும் தேடுவானுங்க."

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை என் தங்கை குல்சாட்டை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாரின் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஐந்து மணி வண்டிதான் கடைசி. அதை விட்டால் அவள் கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர முடியும். திங்களன்று வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டியது, இதை முடிக்காமல் போகக் கூடாது என்று பைகே சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "தள்ளிக்கோம்மா சைக்கல், நானே எழுதிடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

எழுதினார், ஓட்டினார். திரை உறைந்தது. கணினியைத் திட்டி, அணைத்துப் போட்டார். மறுபடியும் உறைந்தது.

பிழை எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் நில் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எடுத்த எண் வகையில் பூஜ்ஜியத்துக்குக் கீழ் எதுவுமே கிடையாது. பிறகு அது எங்கே நிற்கும்?

சொல்லியிருக்கலாம். ஆனால் அறை முழுக்க ஆட்கள். மூத்தவரை எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. டீ குடிக்க எழுந்தால் தனியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். மனிதர் எழுந்திருக்கவேயில்லை.

"டீ குடிக்கலாமா பைகே?" என்று மூன்று முறை கேட்டுப் பார்த்தேன்.

"இது முடியட்டும்மா."

எப்படி முடியும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, என் வாய் மேல் பாதி.

நாலே முக்காலுக்கு ஒருவழியாக எழுந்தார். கெட்டில் பக்கத்தில் காதோடு சொன்னேன். திரும்பி வந்து பார்த்தார். தான் எழுதியதை அழித்தார். என் பத்து வரியை ஒரே சொடுக்கில் உள்ளே விட்டார்.

"மூணு மணிக்கே பாத்துட்டியா?" என்று அறைக்கே கேட்கும்படி கேட்டார்.

"ஆமா."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே பொண்ணே? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மேற்குப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். வண்டி போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது குல்சாட் அழைத்தாள்.

"எஜெ, வண்டி ஏறிட்டியா? நீ வந்துதான் எனக்குத் தலை பின்னணும்னு சொல்லி, யாரையும் கிட்டயே விடல நான்."

"அம்மாவையே பின்னச் சொல்லுடி," என்றேன்.